போலந்துக்காரர்களை எந்தச் சொல்லில் தேடுவது?

ஒரு வாசகர், 3 நவம்பர் 2023
பிரிட்டனில் குடியேறிய போலந்துக்காரர்களைப் பற்றி அச்சில் வந்த எழுத்துகளுக்கெல்லாம் அடைவு தயாரிப்பதாக எழுதியிருந்தீர்கள். நூலகப் பட்டியல்கள் எல்லாம் கணினிக்கு வந்துவிட்ட காலத்தில் இது வீண் உழைப்பு என்பது என் கருத்து. தேடுபெட்டியில் இரண்டு சொல்லை இட்டால் வந்துவிடாதா? அதுவும் ஒரு தமிழருக்கு இதில் என்ன வேலை?

4 நவம்பர் 2023
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நான் இருப்பது மேற்கு லண்டனிலுள்ள ஈலிங்கில். மளிகை வாங்கப் போனால் ஒரு கடையில் முருங்கைக்காய், அதற்கு அடுத்த கடையில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். ஒரு கல்லூரி நூலகத்தின் பட்டியல் பிரிவில் இருபது வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மேற்கு லண்டனில் ஒரு சிறிய சேகரிப்புக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். மாலை வகுப்பில் கற்ற போலிஷ், சந்தையில் பேரம் பேசக்கூடப் போதாது. தகுதி அவ்வளவுதான்.

இனி தேடுபெட்டி. அதில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆங்கிலத்தில் போலந்து நாட்டவரைக் குறிக்கும் 'போலிஷ்' என்ற சொல்லும் 'பாலிஷ்' என்ற சொல்லும் எழுத்தில் ஒன்றே. முதலெழுத்து பெரியதா சிறியதா என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத தரவுத்தளத்தில் அதை இட்டால் முதல் பக்கம் முழுக்க நகப் பாலிஷ், தரைப் பாலிஷ், ஷூ பாலிஷ். சரி, 'போல்ஸ்' என்று பன்மையில் இட்டேன். தந்திக் கம்பம், வட துருவம், தென் துருவம், காந்தத்தின் இரு முனை. இவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கட்டுரை, ஒரு சனிக்கிழமைப் பள்ளியைப் பற்றி.

தேவையற்றது வருவது சிரிப்புக்குரிய சங்கதி. தேவையானது வராமல் போவதுதான் தொல்லை. 2004 மே 1 அன்று போலந்தும் வேறு ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று மட்டுமே புதியவர்களுக்கு வேலைச்சந்தையை உடனே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை வந்து தங்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசுக்காகத் தயாரித்த மதிப்பீடு ஒன்று சொன்னது. 2001 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் சுமார் 58,000 பேர். 2011-இல் 5,79,000. அந்த மதிப்பீட்டை எழுதியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, இரக்கம்தான்.

ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளைப் பாருங்கள். 'ஏ8 நாட்டவர்' (2004-இல் சேர்ந்த பத்தில் எட்டு கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அதிகாரிகள் வைத்த பெயர்), 'புதிய உறுப்பு நாடுகளின் தொழிலாளர்', 'மத்திய, கிழக்கு ஐரோப்பியர்'. உள்ளே பேட்டி கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போலந்துக்காரர்களாக இருப்பார்கள். தலைப்பில் அந்தச் சொல்லே இருக்காது. ஏ8 என்று தேடினால் ஆடி நிறுவனத்தின் கார் வந்து நிற்கும். கட்டுரையைத் திறந்து படித்து, 'இது இவர்களைப் பற்றியது' என்று யாரோ ஒருவர் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அடைவு.

5 நவம்பர் 2023
போலிஷ் மொழியிலேயே தேடலாமே என்கிறார் இன்னொருவர். தேடலாம். போலந்துக்காரர் ஒருவர் 'போலாக்'. பலர் 'போலாத்ஸி'. போலந்துக்காரர்களுடைய என்றால் 'போலாகுஃப்'. பன்மை எழுவாயில் கடைசி மெய்யே மாறிவிடுவதால் 'போலாக்' என்று வெட்டித் தேடினால் 'போலாத்ஸி' என்று தொடங்கும் தலைப்பு ஒன்றுகூடச் சிக்காது. இன்னும் ஓரெழுத்தை வெட்டினால் 'போலா' மட்டும் மிஞ்சும். வயல்வெளிகளுக்கும் போலிஷில் அதே எழுத்துகள்தான். ஒரே வீச்சில் நூறு வேளாண்மைக் கட்டுரை.

'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காத ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது.

இன்னொன்று. 2004-க்குப் பிறகு வந்தவர்களும் அவர்களைப் பற்றி எழுதும் வார்சா பத்திரிகைகளும் பிரிட்டனை 'விஸ்பி' என்கிறார்கள், அதாவது தீவுகள். தீவுகளில் வாழ்க்கை, தீவுகளில் வீட்டு வாடகை, தீவுகளில் பிரசவம். முதல் வாரத்தில் அப்படி ஒரு கட்டுரையைக் கிரேக்கத் தீவுகள் என்று எண்ணி ஒதுக்கி வைத்தேன். நல்ல வேளையாகக் குப்பைக்குப் போகவில்லை.

11 நவம்பர் 2023
'ஏற்கெனவே ஒரு நூலடைவு இருக்கிறதே' என்று வந்த குறிப்புக்கு. இருக்கிறது, அதன் முன்னால் நான் தூசு. லண்டன் போலந்து நூலகம் போர்க்காலத்தில், 1942-இல் தொடங்கியது. இப்போது ஹாமர்ஸ்மித்தில் போலந்துச் சமூக, பண்பாட்டு மையத்தில் இருக்கிறது. யானினா ஸபியெல்ஸ்கா தொகுத்த நூலடைவின் முதல் தொகுதியை 1953-இல் அந்த நூலகம் வெளியிட்டது, பின்னும் தொகுதிகள் தொடர்ந்தன. அதன் எல்லை: 1939 செப்டம்பர் 1-க்குப் பிறகு போலந்துக்கு வெளியே அச்சான, போலிஷ் மொழியிலுள்ள அல்லது போலந்து தொடர்பான நூல்கள். தேதியைக் கவனியுங்கள். ஜெர்மனி படையெடுத்த நாள். ஒரு நூலடைவின் முதல் வரியிலேயே போர் நிற்கிறது.

ஆனால் அது வேறு வேலை. அந்த மக்கள் எழுதியது, அந்த ஊரில் அச்சானது, அந்த மக்களைப் பற்றியது என்று மூன்று உண்டு. மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், ஆனால் ஒன்றல்ல. க்ரிட்ஸெவ்ஸ்கி நடத்திய 'வியாதொமோஷ்ச்சி' வார இதழ் 1946 முதல் 1981 வரை லண்டனில் வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்: போரில் போலந்து இழந்த வில்னோ, ல்வூஃப் நகரங்கள், இழந்துபோன வீடுகள், பழைய கவிஞர்கள். ஜன்னலுக்கு வெளியே லண்டன் என்றொரு ஊர் இருந்ததற்கான தடயம் குறைவு. மாறாக, பிரிட்டனிலிருந்த போலந்துக்காரர்களைப் பற்றிய முதல் பெரிய சமூகவியல் நூல், யெஜி ஸுப்சித்ஸ்கி எழுதியது, 1956-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் அச்சானது. எழுதியவர் அதே காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அச்சான ஊரைப் பார்த்துத் தேடுகிறவருக்கு இது கண்ணில் படாது.

நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை மட்டும். பற்றியது. எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? அடுத்த மாதம் வந்து பாருங்கள்.

12 நவம்பர் 2023
'பொலோனியா' என்ற தலைச்சொல் (அடைவில் பதிவுகளை ஒன்றாகத் திரட்டி வைக்கும் சொல்) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாடுவாழ் போலந்துச் சமூகத்துக்கு அதுதான் பொதுப்பெயர்; சிகாகோவில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடலாம். லண்டனில் முடியாது. போருக்குப் பிறகு இங்கே தங்கிவிட்ட படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் அந்தச் சொல்லை விரும்பவில்லை. பிழைப்புக்காக அமெரிக்கா போனவர்கள் பொலோனியா. தாங்கள் 'உஹொச்ஸ்த்வோ', அகதிச் சமூகம், நாடு சோவியத் பிடியிலிருந்து விடுதலையானதும் திரும்புகிறவர்கள். 1947-இல் பிரிட்டன் அவர்களுக்காகத் தனிக் குடியமர்வுச் சட்டம் இயற்றிய பிறகும், 1951 கணக்கெடுப்பில் போலந்தில் பிறந்தவர்கள் 1,62,000 பேர் என்று எண்ணப்பட்ட பிறகும், மனத்தளவில் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார்கள்.

2004-இல் பஸ்ஸிலும் மலிவு விமானத்திலும் வந்த இளைஞர்களிடம் 'நீங்கள் பொலோனியாவா' என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கள்கிழமை திரும்புகிறவர்கள்.

ஆக இரண்டு தலைச்சொல். குறுக்கே ஒரு 'மேலும் காண்க'. முடிவு செய்துவிட்டேன்.

19 நவம்பர் 2023
'ஒரு தமிழருக்கு இதில் என்ன வேலை' என்ற கேள்வி ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று பதில் கிடைத்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு அனுப்பினார்கள். இங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்து, துண்டுகளைக் கோத்து எதையும் கட்டலாம் என்றால் பாடப்பொருளையும் அப்படிக் கோக்கலாமே என்று தோன்றியதாம். 1933-இல் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை வந்தது. அதன் தொடர்ச்சியாகச் சங்கிலி அடைவு.

சங்கிலி அடைவு என்ன செய்கிறது? ஈலிங்கிலும் ஹாமர்ஸ்மித்திலும் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நடைமுறையிலுள்ள டியூயி எண்ணை எடுத்துக்கொள்வோம்: 305.89185041. முன்னால் 305.8, இனக்குழுக்கள். 9185, போலந்துக்காரர்கள். 41, பிரிட்டன். இடையிலிருக்கும் பூஜ்யம் ஆணி. இப்போது வாலிலிருந்து தலைக்குப் போக வேண்டும். 'பிரிட்டன்: போலந்துக்காரர்: இனக்குழு' என்று ஓர் உள்ளீடு. வாலை வெட்டு: 'போலந்துக்காரர்: இனக்குழு'. இன்னும் வெட்டு: 'இனக்குழு'. ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் உள்ளீடு. தேடுகிறவர் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் சங்கிலி கைக்கு வந்துவிடும்.

1950-இல் பிரிட்டனின் தேசிய நூற்பட்டியல் தொடங்கியபோது பொருளடைவுக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சங்கிலி முறையைத்தான். 1971-இல் வேறு முறைக்கு மாறினார்கள். அதாவது, நாடிழந்த போலந்துப் படைவீரர்களைப் பற்றி இங்கே அச்சான நூல்களை இருபது ஆண்டுகளாகச் சீர்காழிக்காரர் ஒருவர் வகுத்த வழியில்தான் அடைவு செய்திருக்கிறார்கள். இனி அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

20 நவம்பர் 2023
டியூயி எண்ணைச் சொல்லிச் சங்கிலியை விளக்கியது குழப்பிவிட்டது என்கிறார்கள். அது இன்றைய எண். ஐம்பதுகளில் அந்த நூல்கள் வேறு எண்ணில் இருந்தன. சங்கிலி பழையது, கண்ணிகள் புதியவை. திருத்திக்கொள்கிறேன்.

3 டிசம்பர் 2023
பெரிய தவறு ஒன்று செய்துவிட்டேன். மூன்று நாளாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

ஆசிரியர் பெயரடைவில் 'கோவல்ஸ்கி' என்று ஒன்று, 'கோவல்ஸ்கா' என்று ஒன்று. (அசல் பெயர் வேறு, நம்மூர் முருகன் மாதிரி இங்கே எங்கும் கிடைக்கும் பெயர் இது.) முதலெழுத்தும் ஒன்று, ஊரும் ஒன்று. அச்சுப்பிழை என்று முடிவுகட்டி இரண்டையும் இணைத்தேன். ஸ்கி ஆண், ஸ்கா பெண் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மாலை வகுப்பின் இரண்டாவது பாடம். ஆனால் அட்டைகளை வரிசையாகப் பார்க்கும்போது கை தன்பாட்டில் ஓடிவிடுகிறது. கணவர் படைப்பிரிவின் வரலாற்றை எழுதியவர். மனைவி எழுதியவை, குடியமர்வு முகாமின் தகரக் கொட்டகைகளில் சமைத்ததையும் துணி உலர்த்தியதையும் பற்றிய நான்கு சிறு கட்டுரைகள். என் அடைவுக்கு வேண்டியது முழுக்க மனைவியுடையதுதான். அவரைக் கணவருக்குள் போட்டு மூடிவிட்டேன்.

சேகரிப்பில் என்னோடு உட்காரும் ஓர் அம்மையார் இருக்கிறார், வயது எண்பத்தைந்து. நாங்கள் ஒருவரையொருவர் 'பானி', அதாவது அம்மணி, என்றுதான் அழைத்துக்கொள்கிறோம். போலிஷில் 'நீ' என்பது சட்டென்று வாயில் வராத சொல். அவர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகளையும் பாருங்கள், பானி." மகள் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். பிரிட்டிஷ் பதிவேட்டில் அப்பாவின் பெயரை அப்படியே எழுதிவிட்டதால் அவர் ஸ்கி. ஆங்கிலத்தில் ஒரு நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார். அதையும் நான் அப்பாவின் கணக்கில் சேர்த்திருந்தேன்.

ஒரு வீடு, மூன்று எழுத்தாளர்கள், என் அடைவில் ஓர் ஆண்.

பெயரின் மேலுள்ள கோடு, வால், புள்ளியெல்லாம் தொல்லை இல்லை. ஒரு சிறு நிரல் எழுதி எல்லாவற்றையும் நீக்கித் தேடுவதற்கு வசதி செய்துவிட்டேன்.

4 டிசம்பர் 2023
நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போலிஷில் சிறப்புக்குறி பெற்ற எழுத்துகள் ஒன்பது. கணினி எழுத்துமுறையில் எட்டு எழுத்துகள் 'அடியெழுத்து, அதனோடு ஒரு குறி' என்று பிரியும், குறியை உதறிவிடலாம். ஒன்பதாவது, குறுக்குக்கோடு போட்ட எல், பிரியாது. அது தனி எழுத்து. என் நிரல் அதைத் தொடவே இல்லை. விளைவு: 'வூச்' நகரம் பற்றிய பதிவுகளும் அந்த எழுத்தில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் அகரவரிசையில் கடைசி எழுத்துக்கும் பின்னால், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. போலந்து முறையில் அது எல்லுக்கு அடுத்து வர வேண்டும். இங்கிலாந்து நூலகங்களில் எல்லோடு கலந்து வரும். நான் கலந்துவிட்டேன்.

நம் செய்தித்தாள்கள் எண்பதுகளில் போலந்துத் தொழிற்சங்கத் தலைவரை லெக் வலேசா என்று எழுதினவே, அந்த 'லே' இதே எழுத்துதான். வாவென்சா என்பார்கள் அவர்கள்.

22 டிசம்பர் 2023
இதே தேதியில் 1990-இல் லண்டனிலிருந்த நாடுகடந்த போலந்து அரசின் கடைசிக் குடியரசுத் தலைவர் கச்சொரோவ்ஸ்கி வார்சாவுக்குப் போய் அரச முத்திரைகளைப் புதிய குடியரசுத் தலைவர் வாவென்சாவிடம் ஒப்படைத்தார். எனக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். 'உஹொச்ஸ்த்வோ' என்ற தலைச்சொல்லை அன்றோடு மூட வேண்டுமா? திரும்புவதற்குத் தடை நீங்கிய பிறகும் திரும்பாதவர் அகதியா, பொலோனியாவா? 1991-க்குப் பிறகு வந்த கட்டுரைகளை எந்தப் பெட்டியில் போடுவது என்று பானியிடம் கேட்டேன். "எங்களைக் கேட்டால் சண்டைதான் வரும், நீங்களே போடுங்கள்" என்றார். பென்சிலால் போட்டிருக்கிறேன்.

14 ஜனவரி 2024
'பற்றியது' எளிது என்று நான் ஏளனமாகச் சொன்னது நினைவிருக்கிறதா? காத்தினுக்கு வந்துவிட்டேன்.

1940-இல் சோவியத் ரகசியப் போலீஸ் போலந்து அதிகாரிகளைக் கொன்ற காத்தின் படுகொலை பற்றிய நூல்கள் எதுவும் என் அடைவில் இல்லை. நடந்த இடம் ரஷ்யா, பொருள் போர்க்குற்றம். சரி. ஆனால் லண்டனில் அதற்கு ஒரு நினைவுத்தூண் வைக்க இந்தச் சமூகம் எழுபதுகளில் போராடியது. முதலில் கேட்ட இடம் கிடைக்கவில்லை. கடைசியில் 1976 செப்டம்பர் 18 அன்று கன்னர்ஸ்பரி கல்லறைத்தோட்டத்தில் திறந்தார்கள். பிரிட்டிஷ் அரசின் சார்பில் யாரும் வரவில்லை. தூணில் '1940' என்ற ஆண்டு இருக்கிறது. அந்த நான்கு இலக்கம்தான் சிக்கலே. 1941-இல் ஜெர்மானியர் செய்தது என்பது மாஸ்கோவின் கதை. 1940 என்று எழுதினால் குற்றவாளி யார் என்று எழுதியதாகிவிடும்.

இப்போது சொல்லுங்கள், அந்த இடச்சண்டை பற்றிய வாசகர் கடிதங்கள் காத்தினைப் பற்றியவையா, லண்டன் போலந்துக்காரர்களைப் பற்றியவையா? இரண்டாவது என்று அடைவில் சேர்த்தேன். சேர்த்த பிறகு பழைய முடிவுகள் எல்லாம் ஆட்டம் கண்டன. வியாதொமோஷ்ச்சியில் லண்டனே இல்லை என்று எழுதினேன். இழந்த வீட்டைப் பற்றியே முப்பத்தைந்து ஆண்டு பேசிக்கொண்டிருப்பது அந்தச் சமூகத்தைப் பற்றிய செய்தி இல்லையா? வேண்டாம், இந்த வழியில் போனால் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டிவரும். கடிதங்கள் உள்ளே, கவிதைகள் வெளியே. கோடு கோணலாகத்தான் இருக்கிறது.

விளம்பரங்களையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். நவம்பரில் யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். ஐம்பதுகளின் லண்டன் போலந்து நாளிதழைத் திறந்தால் பார்சல் விளம்பரம் கொட்டிக் கிடக்கிறது. போலந்திலுள்ள உறவினருக்கு மருந்து, காப்பிக்கொட்டை, துணி அனுப்பும் நிறுவனங்கள். சமூகம் மாலை நேரத்தில் என்ன செய்தது என்று எந்தத் தலையங்கமும் சொல்லவில்லை. பார்சல் கட்டியிருக்கிறார்கள். 'பார்சல்' என்று புதிய தலைச்சொல், அட்டைகள் இப்போதே அறுபதைத் தாண்டிவிட்டன.

28 ஜனவரி 2024
இந்தியாவில் போலந்து அகதி முகாம் இருந்ததா என்று கேட்டவருக்கு: இருந்தது. சோவியத் நாட்டுக்குள் கடத்தப்பட்டு ஈரான் வழியாக வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் ஜாம்நகர் அருகே பாலாச்சடியிலும், பின்னர் கோலாப்பூர் அருகே வளிவடேயிலும் தங்கினார்கள். வளிவடே பெரியது, 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கிருந்து பலர் பிரிட்டனுக்கு வந்தார்கள்.

நம் பானியும் அப்படி வந்தவர்தான். இதை எனக்கு மூன்று மாதமாகச் சொல்லவே இல்லை. நான் வளிவடே அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு 'இந்தியா'வா 'பிரிட்டன்'னா என்று முனகியபோது மெல்லக் கேட்டார், கோலாப்பூர் இப்போது எப்படி இருக்கிறது என்று. நான் போனதில்லை என்றேன். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. தேடுகிறவராக இருந்தால் எங்கே தேடுவீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் "பள்ளிக்கூடம்" என்றார். ஐந்து வயதில் போய் ஒன்பது வயதில் கிளம்பியவருக்கு அது முகாமும் அல்ல, இந்தியாவும் அல்ல. பென்சிலும் சிலேட்டும். ஆகவே இப்போது 'பள்ளிகள்' என்பதன்கீழ் ஈலிங்குக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையில், ஆங்கில அகரவரிசைக்கு ஒத்துவராமல், வளிவடே உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தொடர்ந்து ஒரு கிளைக்கதை. வாந்தா தினோவ்ஸ்கா என்ற போலந்துக்காரர், பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர், முப்பதுகளில் இந்தியா வந்து உமாதேவி ஆனவர், ரமணரிடமும் போனவர். போலந்திலிருந்து வந்த மாரிஸ் ஃப்ரீட்மனோடு சேர்ந்து 1944-இல் மதராஸில் போலந்து-இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். கீதையின் போலிஷ் மொழிபெயர்ப்பு மதராஸில் அச்சானது. ஸபியெல்ஸ்காவின் வரையறைப்படி அது உள்ளே வரும்: போலிஷ் மொழி, 1939-க்குப் பின், போலந்துக்கு வெளியே. என் வரையறைப்படி வராது. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என் கோட்டை நானே போட்டேன், மதராஸ் அதற்கு வெளியே விழுகிறது. அட்டை மட்டும் எழுதிவிட்டேன். எந்தப் பெட்டியிலும் போடவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

10 பிப்ரவரி 2024
பார்சல் அட்டைகளில் திருத்தம். 'உணவு' என்ற தலைச்சொல்லின்கீழ் ஒன்பது இடத்தில் 'பாஸ்தா' என்று எழுதியிருந்தேன். ஐம்பதுகளில் லண்டனிலிருந்து போலந்துக்கு இவ்வளவு இத்தாலிய உணவு போயிருக்கிறதே, பட்டினிக் காலம் போலும் என்று வருந்தி ஒரு குறிப்பு வேறு. பானி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். போலிஷில் பாஸ்தா என்றால் பசை. பற்பசையும் பாஸ்தா. விளம்பரத்தில் இருந்தது 'பாஸ்தா தோ புதூஃப்', காலணிக்கான பசை.

ஒன்பது அட்டைகளையும் உணவிலிருந்து எடுத்துவிட்டேன். புதிய உள்ளீடு: ஷூ பாலிஷ். மேலும் காண்க: பார்சல்.